இசைமேதை பீத்தோவன் பயின்ற நூல்கள்

நூல் என்னும் சொல் தமிழில் ஏட்டையும் குறிக்கும், இழையையும் குறிக்கும். மரத்தின் கோணலை அறியத் தச்சன் பிடிக்கும் கயிற்றுக்கும் அதுவே பெயர். இம்மூன்றையும் பொருத்திக் காட்டி நூலுக்கு விளக்கம் தந்தவர் நன்னூல் செய்த பவணந்தி முனிவர். புலவனுக்கு நூல் வேண்டும் என்பதை எவரும் மறுப்பதில்லை. இசை படைப்பவனுக்கு நூல் எதற்கு என்று கேட்டால் நம்மில் பலர் சற்றுத் தயங்குவர். நல்ல செவியும் பயின்ற விரலும் அமைந்துவிட்டால் இசை தானே ஊறும் என்ற எண்ணம் நம்மிடையே ஆழப் பதிந்துள்ளது.

செவியே இல்லாமற்போன ஒருவர் இசை படைத்தார் என்றால் அவ்வெண்ணத்தை நாம் மறுபடியும் எண்ணிப் பார்க்க வேண்டியவராகிறோம். ஜெர்மானிய இசைமேதை லுட்விக் வான் பீத்தோவன் அத்தகையவர். சிம்பொனி என்னும் சொல் இன்று தமிழர்க்குப் புதியதன்று. இசைஞானி இளையராசா தம் சிம்பொனியை 2025 மார்ச் 8ஆம் நாள் இலண்டனில் அரங்கேற்றியபோது அச்சொல் தமிழ்நாட்டுத் தேநீர்க் கடைகளிலும் ஒலித்தது. அவ்வடிவத்தை அதன் உச்சிக்குக் கொண்டு சென்றவர் பீத்தோவன் என்பதையும், அவர் காது கேளாதவர் என்பதையும் பலர் அறிவர். அவர் எத்தகைய படிப்பாளி என்பதை அறிந்தவர் மிகச் சிலரே. அவர் பயின்ற நூல்கள் எவை, அவற்றை அவர் எவ்வாறு பயின்றார், அப்பயிற்சி அவர்தம் இசையில் எவ்வாறு வெளிப்பட்டது என்பனவற்றை ஈண்டுக் காண்போம்.

முதற்கண் ஒரு வேறுபாட்டை மனங்கொள்ள வேண்டும். நம் மரபில் பாட்டும் பண்ணும் பெரும்பாலும் ஒருவரிடமே பிறக்கின்றன. அவ்வாறு இரண்டையும் சேர்த்தே இயற்றுவோரை வாக்கேயக்காரர் என்கிறோம். ஐரோப்பிய இசையறிஞர் நிலை வேறு. அவர் பிறர் எழுதிய பாட்டுக்கு இசை அமைப்பார்; அல்லது சொல்லே இல்லாத கருவியிசை படைப்பார். எனவே பாட்டுத் தேடியேனும் அவர் பிறர் நூல்களைப் புரட்டியாக வேண்டும். பீத்தோவன் அந்தத் தேவையையும் கடந்து படித்தவர்.

பள்ளியை விட்ட சிறுவன்

ஜெர்மனியில் ரைன் ஆற்றங்கரையிலுள்ள பான் நகரில் பிறந்த பீத்தோவன் 1770 திசம்பர் 17ஆம் நாள் திருமுழுக்குப் பெற்றார். தந்தையார் அரண்மனைப் பாடகர். மகனை விரைவில் பொருளீட்டும் கலைஞனாக்க வேண்டும் என்னும் அவாவினால், பத்துப் பதினோரு வயதளவில் பள்ளிப் படிப்பு நிறுத்தப்பட்டது. அதன் வடு இறுதிவரை மறையவில்லை. உலகம் போற்றும் இசைக்கணக்கு அவர் உள்ளத்தில் ஓடிற்று; வீட்டுக் கணக்கிலோ பெருக்கல் அவருக்கு வரவில்லை. ஓர் எண்ணைப் பன்னிரண்டால் பெருக்க வேண்டுமாயின் அதனைப் பன்னிரண்டு முறை கீழ்க்கீழாக எழுதிக் கூட்டுவார். அத்தகைய கூட்டல் கணக்குகள் அவருடைய தாள்களில் இன்றும் காணக்கிடக்கின்றன.

பள்ளி கைவிட்டவரை ஓர் ஆசிரியர் கைதூக்கினார். அவர் பெயர் நீஃபே. சட்டம் பயின்று, பின் இசைக்கு வந்தவர், இலக்கிய ஆர்வலர். அவர் சிறுவன் பீத்தோவனுக்குக் கொடுத்த பாடம் செபஸ்டியான் பாக் என்னும் பேரறிஞர் எல்லாச் சுருதிகளிலும் இயற்றிய 48 இணைப்புருப்படிகளின் தொகுப்பு. அந்நூல் அந்நாளில் அச்சேறவில்லை. 1801இல்தான் அச்சு வடிவம் கண்டது. கையெழுத்துப் படிகளாகவே இசையாசிரியரிடையே உலவிற்று. நம் ஏட்டுச் சுவடிகள் வீட்டுக்கு வீடு படியெடுக்கப்பட்ட நிலையை ஒத்தது இது. 1783ஆம் ஆண்டு வெளியான ஓர் இதழில், தம் மாணவன் அத்தொகுப்பையே பெரிதும் வாசிக்கிறான் என்று நீஃபே பெருமையுடன் எழுதினார். பீத்தோவனைப் பற்றி அச்சில் வந்த தொடக்கக் குறிப்புகளுள் அது ஒன்று. பன்னிரண்டு வயதுச் சிறுவனைப் பற்றிய அக்குறிப்பு அவன் எதைப் படிக்கிறான் என்பதைச் சொல்வதாக அமைந்தது பொருத்தமே.

பான் நகரில் 1787இல் ஒரு வாசகர் கழகம் தொடங்கப்பெற்றது. நீஃபே போன்றோர் அதில் ஈடுபாடு கொண்டிருந்தனர். 1790இல் பேரரசர் இரண்டாம் ஜோசப் மறைந்தபோது இரங்கலிசை ஒன்றை அமைக்குமாறு இளைஞர் பீத்தோவனைப் பணித்தது அக்கழகமே. இசையவை பணிக்கவில்லை, படிப்பவர் கூட்டம் பணித்தது என்பதை மாணவர்கள் கருதுக. இடையே 1789இல் அவர் பான் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் மாணவராகப் பெயர் பதிந்துகொண்டார். அப்படிப்பு நீளவில்லை. ஆயினும் பள்ளிப் படிப்பை முடிக்காத ஒருவர் தாமே சென்று பெயர் பதிந்தார் என்பது அவர்தம் வேட்கையைக் காட்டுகிறது.

கையால் எழுதிக் கற்றவர்

1792 நவம்பரில் அவர் வியன்னா சென்றார். பெரும்புகழ் பெற்ற ஹைடனிடம் பாடம் கேட்டார். பாடநூல், ஃபுக்ஸ் என்பவர் இலத்தீனில் எழுதிய இசையிலக்கணம். பல குரல்களை ஒன்றோடொன்று முரணாது இழைப்பதற்கு விதி கூறும் நூல் அது. அத்துறைக்கு அதனை ஒரு நன்னூல் என்னலாம். பீத்தோவன் எழுதிய பயிற்சிகளுள் 245 எஞ்சியுள்ளன. அவற்றில் ஹைடன் திருத்தியவை 42 மட்டுமே. இது மாணவருக்கு நிறைவளிக்கவில்லை. ஆகவே ஆல்பிரெக்ட்ஸ்பெர்கர் என்னும் இலக்கண ஆசிரியரிடம் மீண்டும் அடிப்படையிலிருந்து கற்றார். அப்போதே அவர் வியன்னாவின் பிரபுக்கள் வீடுகளில் புகழ்பெற்ற பியானோ கலைஞர் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். கைதட்டல் பெற்ற பிறகும் பயிற்சி ஏடு எழுதியவர் அவர்.

பிறர் உருப்படிகளைத் தம் கையால் படியெடுப்பதும் அவர் வழக்கம். மொசார்ட்டின் நாற்கருவி இசையையும் ஹைடனின் நாற்கருவி இசையையும் அவர் எழுதிய படிகள் உள்ளன. அச்சுப்படி விலைக்குக் கிடைத்த காலத்திலும் எழுதினார். கண்ணால் படிப்பது வேறு, கை வழியாகப் படிப்பது வேறு என்பதை உணர்ந்தவர் அவர். ஏடெழுதக் கற்ற நம் முன்னோர்க்கு இது புதுச் செய்தியன்று. ஒளிநகல் எடுத்து அடுக்கி வைக்கும் இக்கால மாணவர்க்கே இதனை எடுத்துரைக்க வேண்டியுள்ளது.

1809ஆம் ஆண்டைத் தனியே குறிப்பிட வேண்டும். அவ்வாண்டு மே மாதம் நெப்போலியனின் படை வியன்னாவைப் பீரங்கியால் தாக்கிற்று. பீத்தோவன் தம்பியின் வீட்டு நிலவறையில் ஒதுங்கி, நலிந்த செவிகளைத் தலையணையால் மூடிக்கொண்டார் என்பர். புதுப் படைப்பு எழாத அக்கோடையில் அவர் செய்த பணி படிப்பே. இசையிலக்கணம் கூறும் நூல்கள் பலவற்றைத் திரட்டி, வேண்டிய பகுதிகளைத் தெரிந்தெடுத்துப் படியெழுதித் தொகுத்தார். தம் மாணவரான ருடால்ஃப் இளவரசருக்குக் கற்பிக்கவே அத்தொகுப்பு. ஃபுக்ஸ், ஆல்பிரெக்ட்ஸ்பெர்கர், கிர்ன்பெர்கர், டுயூர்க், பாக்கின் மகன் இமானுவேல் ஆகியோர் நூல்களிலிருந்து பகுதிகள் அதில் உள்ளன. அவ்வாண்டே பதிப்பகத்தாருக்கு எழுதிய மடல்களில் கதே, ஷில்லர் இருவரின் முழுத் தொகுப்புகளையும் கேட்டிருக்கிறார். ஹோமரும் தமக்கு விருப்பமானவர், ஆனால் அவரை மொழிபெயர்ப்பில்தான் படிக்க முடிகிறது என்று வருந்துகிறார். மற்றொரு மடலில், எந்த ஆய்வு நூலும் தமக்கு எட்டாத உயரத்தது அன்று எனவும், தமக்குப் புலமை உண்டு என்று உரிமை பாராட்டாமலே, ஒவ்வொரு காலத்துச் சான்றோரும் என்ன கருதினர் என்பதை அறியச் சிறுவயது முதலே முயன்று வந்ததாகவும் எழுதுகிறார். அப்போது அவருக்கு வயது முப்பத்தெட்டு; ஐந்தாம் சிம்பொனியை அரங்கேற்றிய பின் எழுதிய வரிகள் இவை.

செவி அடைந்த பின்

முப்பது வயதை எட்டுமுன்பே அவர் செவி மங்கத் தொடங்கிற்று. 1801இல் இளமை நண்பர் வெகேலருக்கு அதனை மறைவாக எழுதினார். அரங்கில் மேடைக்கு மிக அருகே அமர்ந்தாலன்றி நடிகர் பேச்சுத் தமக்கு விளங்குவதில்லை, மெல்லப் பேசினால் ஓசை கேட்கிறது, சொல் கேட்பதில்லை என்று அம்மடலில் உரைக்கிறார். அதே மடலில் ஒரு நூலாசிரியர் பெயரும் வருகிறது. கிரேக்க, உரோமானியப் பெருமக்களின் வரலாறு எழுதிய புளூட்டார்க் தமக்குப் பொறுமையின் வழியைக் காட்டினார் என்கிறார். மருத்துவர் பெயர்களுக்கிடையே புளூட்டார்க்கின் பெயரும் இடம்பெறுவது நம் நெஞ்சைத் தொடுகிறது. அடுத்த ஆண்டு அக்டோபரில் தம்பியர்க்கு எழுதி அனுப்பாமல் வைத்துக்கொண்ட உருக்கமான முறியில் தற்கொலை எண்ணத்தையும் வெளியிட்டார். தம்மைத் தடுத்தது கலையொன்றே என்றார்.

செவி அடைய அடைய, கண் அவருக்குச் செவியாயிற்று. 1818 முதல் அவரைக் காண வருவோர் சிறு குறிப்பேட்டில் எழுதிக் காட்டுவர். அவர் பெரும்பாலும் வாயால் விடை சொல்வார். அத்தகைய உரையாடல் ஏடுகள் ஏறத்தாழ 140 எஞ்சியுள்ளன. வேலைக்காரியின் கணக்கு, மீன் விலை, அரசியல் வம்பு அனைத்தும் அவற்றில் உள்ளன. உணவு விடுதியில் அமர்ந்து செய்தித்தாள் பார்க்கும்போது கண்ணில் படும் நூல் விளம்பரங்களை அவர் தம் கையாலேயே குறித்துக்கொள்வார். நூலின் பெயர், விலை, விற்கும் கடை ஆகியவை வரிசையாக வரும். கேட்கும் திறன் இழந்த ஒருவர்க்கு உலகின் பேச்சு முழுவதும் எழுத்தாகவே வந்து சேர்ந்தது என்பதை இவ்வேடுகளைப் போல் உணர்த்துவது வேறில்லை. நாம் கேட்டறிவதையெல்லாம் அவர் படித்தறிந்தார்.

1820 பிப்ரவரியில் ஓர் ஏட்டில் மெய்யியலறிஞர் காண்ட்டின் பெயரை வியப்புக் குறிகளுடன் எழுதுகிறார். நம்முள் இருக்கும் அறநெறியையும் தலைமேல் விரிந்த விண்மீன் வானத்தையும் இணைத்துக் காண்ட் கூறிய கருத்து அது. இதனை அவர் காண்ட்டின் நூலில் படிக்கவில்லை. லிட்ரோ என்னும் வானியலறிஞர் வியன்னா இதழொன்றில் எழுதிய கட்டுரையில் படித்தார். மூலத்தைக் கற்காதவர் என்று குறைகூற இடமுண்டு. ஆனால் அடுத்த மாதமே, மார்ச் 4ஆம் நாளில், விண்மீன் வானத்தின் கீழ் மாலைப் பொழுதைப் பாடும் ஒரு பாட்டுக்கு அவர் இசையமைத்தார். இதழில் படித்த கருத்து ஒரே மாதத்தில் பாட்டாகக் கனிந்தது என்று கொள்வதில் தவறில்லை.

1812 முதல் 1818 வரை அவர் எழுதிவந்த நாட்குறிப்பு மற்றொரு கருவூலம். மூல ஏடு மறைந்துவிட்டது. அவர் இறந்தபின் எடுக்கப்பட்ட படி வழியாகவே அதனை அறிகிறோம். நாட்குறிப்பு என்றாலும் அன்றாடச் செய்தி குறைவு. படித்ததில் பிடித்ததைப் பெயர்த்தெழுதிய பகுதியே மிகுதி. ஸ்டர்ம் என்னும் சமயப் போதகர் இயற்கையில் இறைவன் படைப்பைக் கண்டு வியந்து எழுதிய நாள்வழிச் சிந்தனை நூல் ஒன்றுண்டு. எளியோர் வீட்டு நூல் அது. புலவர் போற்றும் நூலன்று. பீத்தோவன் அதனைக் கோடிட்டுக் கோடிட்டுப் படித்தார். நாட்குறிப்பின் இறுதிப் பகுதியே அந்நூலிலிருந்து எடுத்தது. காட்டையும் ஓடையையும் புயலையும் நாட்டுப்புறத்தாரின் நன்றிப் பாட்டையும் காட்டும் ஆறாம் சிம்பொனியைக் கேட்டவர்க்கு ஸ்டர்மின் நூல் அவருக்கு ஏன் பிடித்தது என்பது விளங்கும்.

கிழக்கிலிருந்து சென்ற ஏடுகள்

நாட்குறிப்பில் நம்மை நிமிர்ந்து உட்காரச் செய்யும் பகுதி ஒன்றுண்டு. காளிதாசரின் சாகுந்தலம் ஃபார்ஸ்டர் என்பவரால் 1791இல் ஜெர்மன் மொழிக்குச் சென்றது. அதிலிருந்தும், கல்கத்தாவில் நீதிபதியாயிருந்த வில்லியம் ஜோன்ஸின் எழுத்துகளிலிருந்தும் பகுதிகளைப் பீத்தோவன் பெயர்த்தெழுதியுள்ளார். இந்திய இசை பற்றிய ஜோன்ஸின் ஆய்வு வழியாகச் சென்ற சரிகம என்னும் சுர எழுத்துகளும் அங்கே உள்ளன. வியன்னாவில் அமர்ந்து, கேளாச் செவியுடன், சரிகம எழுதிப் பார்த்திருக்கிறார் ஒரு பேரறிஞர்! இதனைக் கொண்டு அவர் இசையில் இந்தியப் பண் ஒலிக்கிறது என்று சிலர் கூறக்கூடும். நாம் அவ்வளவு தூரம் செல்ல விரும்பவில்லை. அவர் இந்திய இசையை ஒருபோதும் கேட்டவரல்லர். உருவமற்ற பரம்பொருளைப் பற்றிய வரிகளையே அவர் மிகுதியாகப் பெயர்த்தார். அவருக்கு வேண்டியிருந்தது கருத்து.

இன்னொரு வழியாகவும் கிழக்கு அவர் மேசைக்கு வந்து சேர்ந்தது. ஈரான் நாட்டுச் சீராஸ் நகரத்துப் பெரும்புலவர் ஷெய்கு சஅதி 1258இல் ‘குலிஸ்தான்’ என்னும் அறநூலை நிறைவு செய்தார். மதரஸாக்களில் பாரசீகம் பயின்ற நம் பெரியோர்க்கு அந்நூல் பாடநூலாக இருந்தது. ஜெர்மானிய அறிஞர் ஹெர்டர், சஅதி முதலிய கீழ்நாட்டுப் புலவர்களின் வரிகளைத் தம் மொழியில் மலர்த் தொகையாகக் கோத்தார். அத்தொகையிலிருந்து குயிலையொத்த நைட்டிங்கேல் பறவையின் பாட்டைச் சொல்லும் கவிதையை எடுத்து 1813இல் பீத்தோவன் இசையமைத்தார். சிறிய பாட்டுத்தான், அவர் பெரும்படைப்புகளுக்கிடையே எளிதில் கண்ணில் படாது. எனினும் சீராஸ் நகரத் தோட்டத்துப் பறவை ஐந்து நூற்றாண்டு கடந்து வியன்னாவில் பாடிற்று என்பதை நம் கல்லூரி மலரில் குறிக்காமல் விட மனம் வரவில்லை.

அதே சீராஸ் நகரத்தவர் ஹாபிஸ். அவருடைய கஸல்கள் முழுவதையும் 1812, 1813ஆம் ஆண்டுகளில் ஜெர்மன் மொழியில் வெளியிட்டவர் வியன்னாவைச் சேர்ந்த ஹம்மர் என்னும் கீழ்த்திசை மொழியறிஞர். அவருக்கும் பீத்தோவனுக்கும் தொடர்பு இருந்தது. அம்மொழிபெயர்ப்பைப் படித்துக் கிளர்ந்தெழுந்த கதே, முதுமையில் இளமை திரும்பியவராய்ப் பாடித் தொகுத்ததே 1819இல் வெளிவந்த மேலை கீழைத் ‘திவான்’. அதன் பன்னிரண்டு பகுதிகளும் பாரசீக முறையில் ‘நாமா’ என்றே பெயர் பெற்றுள்ளன. அந்நூலின் படியொன்றைப் பீத்தோவன் வைத்திருந்தார். கரிக்கோலால் கோடிட்டுப் படித்தார். அதிலுள்ள பாட்டு எதற்கும் அவர் இசையமைக்கவில்லை. இசையாக்க வேண்டும் என்ற நோக்கமின்றியும் அவர் படித்தார் என்பதற்கு இதுவே சான்று.

யாப்பும் தாளமும்

தமிழ்த்துறை மாணவர் விரும்பிக் கேட்கத்தக்க செய்திக்கு வருவோம். ஹோமரின் காப்பியங்களை ஜெர்மன் மொழியில் அதே ஆறுசீர் யாப்பில் பெயர்த்தவர் ஃபோஸ். பீத்தோவன் ஹோமரிலிருந்து வரிகளைப் பெயர்த்தெழுதும்போது சில இடங்களில் எழுத்துகளின் மேல் நெடில் குறில் அடையாளம் இட்டிருக்கிறார். நாம் அசை பிரித்துச் சீர் காண்பது போன்ற செயல் அது. கவிதையின் பொருளோடு அவர் நிற்கவில்லை. அதன் நடையையும் அளந்தார்.

இவ்வளவையின் பயன் என்ன? 1811, 1812ஆம் ஆண்டுகளில் இயற்றிய ஏழாம் சிம்பொனியின் இரண்டாம் பகுதியைக் கேட்டவர் மறக்கமாட்டார். ஒரு நெடில், இரு குறில், இரு நெடில் என்னும் ஒரே நடை தொடக்கம் முதல் இறுதிவரை அடிநாதமாக ஓடுகிறது. கிரேக்க ஆறுசீரடியின் முடிவில் வரும் நடையும் இதுவே. இதனைக் கிரேக்க யாப்போடு இணைத்துப் பேசும் ஆய்வாளர் உளர். நமக்கும் அது பொருந்துவதாகவே படுகிறது. 1813 திசம்பர் 8ஆம் நாள் அச்சிம்பொனி அரங்கேறியபோது மக்கள் அப்பகுதியை மறுமுறை வாசிக்கச் சொன்னார்கள். யாப்பறியாதாரையும் யாப்புத் தாக்கும்.

யாப்பினும் பொருளினும் ஒருசேர அவர் உழைத்த இடம் கத்தோலிக்க வழிபாட்டு உரைக்கு அமைத்த பேரிசை. ருடால்ஃப் இளவரசர் 1820 மார்ச்சில் பேராயராகப் பொறுப்பேற்கவிருந்தார். அவ்விழாவிற்கென 1819இல் தொடங்கிய பணி அது. உண்மையான வழிபாட்டிசை படைக்க வேண்டுமாயின் துறவியரின் பழம்பாடல் ஏடுகளைத் துருவ வேண்டும், உரையின் சரியான மொழிபெயர்ப்பையும் யாப்பமைதியையும் கற்க வேண்டும் என்று முன்னரே நாட்குறிப்பில் தமக்குத் தாமே பணித்துக்கொண்டிருந்தார். அவ்வாறே செய்தார். இளவரசரின் நூலகத்தில் பழைய இசையேடுகளைத் தேடினார். இலத்தீன் உரை முழுவதையும் எழுதி, அழுத்தம் விழும் அசைகளுக்குக் குறியிட்டு, ஜெர்மன் பொருளையும் எழுதிக்கொண்டார்.

இவ்வுரை அவர் சிறுவயது முதல் கோயிலில் கேட்டது, பொருள் அறியாததன்று. அறிந்ததையே அறியாதவரைப் போல் அணுகினார் என்பதுதான் இங்கே வியப்பு. விளைவு என்ன? விழா முடிந்துவிட்டது, இசை முடியவில்லை. மூன்றாண்டு தாழ்ந்து 1823இல்தான் இளவரசர் கையில் ஏடு சேர்ந்தது. தாழ்ந்து வந்த அப்படைப்பில் ஒவ்வொரு சொல்லும் தனித்து நிற்கிறது. இறைவன் மனிதனாய்ப் பிறந்தான் என்னும் இடத்தில் இசை திடீரெனப் பழங்காலக் கோயிற் பண்ணுக்குத் திரும்புகிறது. இரங்குக என்னும் சொல்லுக்கு முன்னர் ‘ஓ’ என்றும் ‘ஆ’ என்றும் உரையில் இல்லாத விளியைச் சேர்க்கிறார். அமைதி அருள்க என்னும் இறுதி வேண்டுதலினிடையே முரசும் எக்காளமும் தொலைவில் முழங்குகின்றன. பாடுவோர் அஞ்சி அரற்றுகின்றனர். பீரங்கி முழக்கத்தை நிலவறையில் கேட்டவர் அவர் என்பதை முன்பே கண்டோம்.

முப்பதாண்டு காத்திருந்த பாட்டு

கவிஞர் ஷில்லர் மகிழ்ச்சியை விளித்து 1785இல் பாடிய பாட்டு இளைஞரிடையே விரைந்து பரவிற்று. பான் நகரப் பேராசிரியர் ஒருவர் 1793 சனவரியில் ஷில்லரின் மனைவிக்கு எழுதிய மடலில், ஊரைவிட்டு வியன்னா சென்ற இளைஞர் ஒருவர் அப்பாட்டு முழுவதற்கும் இசையமைக்க எண்ணியுள்ளார் என்று குறிப்பிடுகிறார். அந்த இளைஞர் பீத்தோவன். எண்ணம் நிறைவேறிய நாள் 1824 மே 7. இடையே முப்பத்தோர் ஆண்டுகள் ஓடின. ஷில்லர் 1805இலேயே மறைந்தார். மறையுமுன் அப்பாட்டைத் தாமே குறையுடையதென்று நண்பர்க்கு எழுதிவிட்டார். ஆக்கியோனே கைவிட்ட பாட்டை வாசகர் ஒருவர் நெஞ்சில் வைத்துக் காத்தார் என்றே சொல்ல வேண்டும்.

இம்முப்பதாண்டில் பாட்டு மாறவில்லை, படித்தவர் மாறினார். முழுப்பாட்டுக்கும் இசையமைப்பதாக இருந்தவர், ஒன்பதாம் சிம்பொனியில் அதன் ஒரு பகுதியை மட்டும் எடுத்தார். மதுக்கிண்ணம் உயர்த்தும் அடிகளை விலக்கினார். எஞ்சியவற்றின் வரிசையையும் மாற்றினார். மாந்தர் அனைவரும் உடன்பிறந்தோர் என்பதையும், விண்மீன்களுக்கு அப்பால் அன்புத் தந்தை ஒருவன் உறைகிறான் என்பதையும் இரு தூண்களாக நிறுத்தினார். விண்மீன் என்றதும் காண்ட்டைப் பற்றிய குறிப்பு நம் நினைவுக்கு வருகிறது. கருவியிசையாகவே சென்ற சிம்பொனியில் மனிதக் குரலை எவ்வாறு நுழைப்பது என்பதற்கு அவர் பட்ட பாடு பெரிது. வரைவேடுகளில் பல தொடர்களை எழுதி எழுதி அடித்துள்ளார். முடிவில் ஷில்லர் பாட்டுக்கு முன்னுரையாகத் தாமே சில சொற்களை எழுதிச் சேர்த்தார். அரங்கேற்ற நாளில் அவையோர் ஆரவாரம் அவர் காதில் விழவில்லை. பாடகியருள் ஒருவர் அவரைத் திருப்பி நிறுத்த, கைகள் அசைவதைக் கண்டு வணங்கினார்.

ஐயத்துக்குரிய செய்திகள்

இத்துறையில் ஆராய்வோர் எச்சரிக்கையாயிருக்க வேண்டிய இடமும் உண்டு. பீத்தோவனின் செயலாளராயிருந்த ஷிண்ட்லர் பின்னாளில் ஒரு வரலாறு எழுதினார். பியானோ உருப்படிகள் இரண்டின் பொருள் யாதெனத் தாம் கேட்டபோது, ஷேக்ஸ்பியரின் ‘புயல்’ நாடகத்தைப் படி என்று விடை வந்ததாக அதில் கூறுகிறார். இன்றளவும் அவ்வுருப்படிகளுள் ஒன்று அப்பெயராலேயே வழங்குகிறது. ஆனால் உரையாடல் ஏடுகளில் ஷிண்ட்லர் பிற்காலத்தில் தாமே பல வரிகளைப் புகுத்தியுள்ளார் என்பதை ஆய்வாளர்கள் 1977இல் வெளிப்படுத்தினர். நம் சுவடிகளில் இடைச்செருகல் காண்பது போன்றதே இதுவும். அவர் ஒருவர் சொல்லை மட்டும் நம்பி நாடகத்தையும் இசையையும் வரிக்கு வரி ஒப்பிடுவது வீண்வேலை.

இதற்கு மாறான சான்றும் உண்டு. முதல் நாற்கருவி இசைத் தொகுப்பிலுள்ள ஓர் உருப்படியின் மெல்லிய பகுதி, ‘ரோமியோ ஜூலியட்’ நாடகத்துக் கல்லறைக் காட்சியை எண்ணி எழுதப்பட்டது என்று நண்பர் அமெண்டா சொன்னதாக ஒரு செய்தி வழங்கிற்று. பின்னர் வரைவேட்டைப் பார்த்தபோது, அவன் தன்னை மாய்த்துக்கொள்கிறான், இறுதிப் பெருமூச்சுகள் என்னும் பொருள்படப் பிரெஞ்சுக் குறிப்புகள் பீத்தோவன் கையாலேயே எழுதப்பட்டிருந்தன. அச்சிட்டபோது அக்குறிப்புகளை அவர் நீக்கிவிட்டார். நூலிலிருந்து பெற்றதைக் கேட்போர் அறிய வேண்டும் என்று அவர் கருதவில்லை. சாரம் இசையில் சேர்ந்தபின் அது எங்கிருந்து வந்தது என்று சொல்வது தேவையற்றதென நினைத்தார் போலும்.

இறுதி மாதங்கள்

1826 திசம்பரில் பீத்தோவன் நோயுற்றுப் படுத்தார். அம்மாதமே இலண்டனில் வாழ்ந்த ஸ்டும்ஃப் என்னும் இசைக்கருவி செய்வோர், ஹேண்டலின் படைப்புகள் அடங்கிய 40 தொகுதிகளைப் பரிசாக அனுப்பிவைத்தார். தம்மினும் பெரியவர் என்று பீத்தோவன் போற்றியவர் ஹேண்டல். நண்பரின் மகனான பதின்மூன்று வயதுச் சிறுவன் நாள்தோறும் வந்து, கனத்த அத்தொகுதிகளை ஒவ்வொன்றாகக் கட்டிலுக்கு எடுத்துத் தருவான். இவர் பக்கம் பக்கமாகப் புரட்டி, பிடித்த இடங்களில் நின்று மகிழ்வார். வாசித்துக் காட்ட ஆள் வேண்டியதில்லை. கேட்கச் செவியும் வேண்டியதில்லை. கண் கண்ட குறியெல்லாம் உள்ளே ஒலித்தன. 1827 மார்ச் 26ஆம் நாள் அவர் மறைந்தார்.

அவ்வாண்டு நவம்பர் 5ஆம் நாள் அவருடைய உடைமைகளுள் ஏடுகள் ஏலத்துக்கு வந்தன. அதற்குமுன் அரசின் தணிக்கையாளர் நூற்பட்டியலைப் பார்த்து ஐந்து நூல்களை விலக்கி எடுத்துக்கொண்டனர். சமயத்தையும் திருச்சபையையும் ஆராயும் நூலொன்றும், இத்தாலி வழியே சிசிலித் தீவு வரை கால்நடையாகச் சென்று வழியில் கண்ட அநீதிகளை எழுதிய சொய்மேயின் பயண நூலும் அவற்றில் அடங்கும். கோடிட்ட ஹோமர், கோடிட்ட ஸ்டர்ம், கோடிட்ட ‘திவான்’ ஆகியன ஷிண்ட்லர் கைக்குப் போய், அவர் வழியாகப் பெர்லின் அரச நூலகத்தை அடைந்தன. 1870இல் நோல் என்னும் அறிஞர், பீத்தோவன் கோடிட்ட வரிகளை மட்டும் தொகுத்து ஒரு சிறு நூலாக வெளியிட்டார்.